இரண்டாவது மலையில் பார்வதியக்கா

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தேன். கொஞ்ச நேரம் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, "சித்தி, நான் கலா பேசறேன். திரிங்காப் கலா. அம்மா போயிட்டாங்க," என்றது குரல். எப்போது என்று நான் கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. என் நாக்கு நுனிவரை வந்தது ஒரே கேள்விதான். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" நல்லவேளை, அதை விழுங்கிவிட்டேன். ஒருவர் செத்த செய்தி வரும்போது முதலில் தன்னைப் பற்றி நினைக்கிறவள் என்ன மனுஷி என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பார்வதியக்காவை, இந்த மலைப் பக்கத்தில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். திரிங்காப் சாலையோரம் முள்ளங்கியும் கீரையும் அடுக்கி வைத்துக்கொண்டு, லோரி ஆரன் அடித்தால் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளும் அம்மா. கோயில் தீமிதிக்கு முதல் ஆளாக வந்துவிட்டு, தீக்குழிக்கு முதுகைக் காட்டி நின்றபடியே கும்பிடும் அம்மா. "முடிஞ்சிருச்சா? யாருக்கும் ஒண்ணும் ஆவலயே?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். ஆனால் அவர் திரிங்காப்புக்கு எப்படி வந்தார் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தானா ராத்தா டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சின்னத் துரை என்ற உதவி மானேஜரின் பங்களாவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அக்கா சமையல். எனக்குத் துணி துவைப்பது, தேய்ப்பது, வீடு பெருக்குவது. அவருக்கு முப்பது வயதிருக்கும், எனக்கு இருபத்திரண்டு. அவருடைய புருஷன் விறகு லோரி கவிழ்ந்து இறந்துபோயிருந்தார். நாலு வயதுக் கலாவோடு பங்களாவின் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். அந்த அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும். தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீடும் அப்படித்தான், அப்பா காலையில் பெரட்டுக்குப் போய், வேலைக்கு வந்தேன் என்று பெயர் கொடுக்கும்வரைதான் எங்களுடையது. தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் இந்த ஒரு பயத்தை இடுப்பில் முடிந்துகொண்டுதான் நடமாடினோம்.

ஆனால் அக்காவின் பயம் அதோடு நிற்கவில்லை. இடிக்குப் பயம். நாய்க்குப் பயம். குக்கர் விசிலுக்குப் பயம். எல்லாவற்றையும்விடப் பங்களாவின் தொலைபேசிக்குப் பயம். அது அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். அதன் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். கண்கூட இமைக்காது. அது அடித்து ஓய்ந்த பிறகு பெருமூச்சு விட்டு, "வச்சுட்டாங்க," என்று என்னைப் பார்த்துச் சொல்வார். "எடுத்தாத்தானே பேசுவாங்க, எடுக்காம நின்னா வக்கத்தானே செய்வாங்க!" என்று நான் கத்துவேன். ஒருநாள் ரொம்பக் கேலி செய்தபோது, கோபப்படாமல் சொன்னார். "பயத்துக்கு என்னடி வெக்கம்? பசி மாதிரிதான் அதுவும். வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும்லா." நான் பயப்படாதவள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

துரையின் இரண்டு பிள்ளைகளும் ஈப்போவில் தங்கிப் படித்தார்கள். கப்பலில் வேலை செய்த துரையின் தம்பி ஒரு விடுமுறைக்கு அவர்களுக்கு விளையாட்டுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, முகப்பில் மட்டும் மர நிறம். அதிலிருந்து ஒரு கம்பி டிவிக்குப் போகும். பிடித்து ஆட்ட இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொத்தான். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு தடித்த கேசட்டைச் செருகினால் திரையில் ஒரு மலை வரும். குட்டி ஆள் ஒருவன் குதித்துக் குதித்து ஏறுவான். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், கல் உருண்டால் விலக வேண்டும். பிள்ளைகள் அக்காவையும் இழுத்து உட்காரவைத்தார்கள். கல் உருண்டு வருவதைப் பார்த்ததும் அவர் கட்டையைப் பிடித்தபடி உறைந்துபோவார். ஆள் நசுங்குவான். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். "பாவம்டா அவன், வேற யாருகிட்டயாச்சும் குடுங்க," என்று கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை, தானா ராத்தாவில் சாமான் வாங்கிக்கொண்டு தேயிலை நடுவே உள்ள குறுக்குப் பாதையில் இருவரும் வந்தோம். ஐந்து மணிகூட இருக்காது. மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. நான் டார்ச் அடித்தேன். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு மேலே, தேயிலை நிரைக்குள், செடிகள் முறியும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம், பிறகு நிறுத்தம், பிறகு இன்னொரு சத்தம், இன்னும் கிட்டத்தில். எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. கால் கிளம்பியும் விட்டது. அக்கா ஒரு கையால் என் தாவணியைப் பிடித்தார், இன்னொரு கையால் டார்ச்சைப் பொத்தினார். "அசையாத," என்றார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது, அந்த நடுக்கம் தாவணி வழியாக எனக்கும் தெரிந்தது. ஆனால் பிடி தளரவில்லை. அது எங்களுக்கு முன்னால், பத்தடி தூரத்தில், பாதையைக் கடந்துபோனது. கனமாக மூச்சுவிட்டது. ஈர மயிரின் வாடை அடித்தது. என்ன மிருகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பன்றி என்றார் காவல்காரர். பன்றி அப்படி மெதுவாக நடக்குமா என்று அப்பா கேட்டார். அது போன பிறகு அக்கா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தியபோது சேலை நனைந்திருந்தது. "யாருகிட்டயும் சொல்லாதடி," என்றார். அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், அந்தப் பயத்தோடுதான் அவர் என்னைப் பிடித்து நிறுத்தினார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த விடுமுறைக்குத் துரையின் தம்பி இரண்டாவது கேசட்டைக் கொண்டுவந்தார். அதே மலை ஆட்டத்தின் அடுத்த பாகம். நாங்கள் அதற்கு இரண்டாவது மலை என்று பெயர் வைத்தோம். பிள்ளைகள் ஆவலாகச் செருகினார்கள், இரண்டு நாளில் வெறுத்துவிட்டார்கள். திரை முழுக்கப் பனி, சாம்பல் நிறம். ஒரு கட்டை ஆளை நகர்த்தும். இன்னொரு கட்டை ஒரு வெளிச்ச வட்டத்தை நகர்த்தும். அந்த வட்டத்துக்குள் மட்டும்தான் பாதை தெரியும். இருவர் சேர்ந்துதான் ஏற வேண்டும். பனிக்குள் எங்கேயோ ஒன்று இருந்தது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் அதன் முகம் இருந்தது, இரண்டு கண்ணும் பல்லுமாக. திரையில் அது கண்ணுக்குத் தெரியாது. தொப், தொப் என்று காலடி மட்டும் கேட்கும். கிட்டே வர வர வேகம் கூடும். பிள்ளைகள் ஓடினார்கள். ஓடிய ஒவ்வொரு முறையும் பிடிபட்டார்கள். கடைசியில் அந்தக் கேசட்டை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

அதை எடுத்துப் பெட்டியில் செருகியவர் அக்காதான் என்று சொன்னால் திரிங்காப்பில் யாரும் நம்ப மாட்டார்கள். புதன்கிழமைகளில் துரை தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போய்விடுவார், துரையம்மா டவுனுக்குப் போய்விடுவார். மத்தியானம் கலா தூங்கும் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கும். "வாடி, அந்தப் பனி மலைக்குப் போவோம்," என்று அவரே கூப்பிட்டார். ஆள் அவர் கையில், வெளிச்சம் என் கையில். முதல் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். அது வெளிச்சத்தைத் தேடித்தான் வருகிறது. பொத்தானை அழுத்தி வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஆளை அசைக்காமல் நின்றால், அது நம்மைத் தாண்டிப் போய்விடும். முதல் மலையில் அவரைக் கொன்ற அதே உறைந்துபோகும் குணம் இரண்டாவது மலையில் அவரைக் காப்பாற்றியது.

என்னால்தான் முடியவில்லை. தொப் தொப் கிட்டே வந்தால் எனக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் அதை வைத்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. "லைட்ட அணைடி!" என்பார் அக்கா, கன்னத்தில் வேர்வை வழிய. "பயமா இருந்தா கண்ண மூடிக்க. லைட்ட அணை!" நான் அணைக்க மாட்டேன். அது வந்துவிடும். ஆள் விழுவான். ஒவ்வொரு முறையும் ஒரு கயிற்றுப் பாலத்தில்தான் சாவோம். அதற்கு மேலே, உச்சியில், சன்னலில் விளக்கு எரியும் ஒரு குடிசை இருப்பதாகக் கேசட்டுப் பெட்டியின் அட்டைப்படம் சொன்னது. நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஒருமுறைகூட அவர் என்னைத் திட்டியதில்லை. "அடுத்த வாரம் அணைப்ப," என்று எழுந்துபோய்க் குழம்பைக் கிளறுவார்.

அந்த வருஷத்து ஆயுத பூசை வந்தது. தேயிலை ஃபேக்டரியில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், லோரிக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். பங்களாவில் நாங்கள் புழங்கும் சாமான்களுக்கு வைப்பது என் வேலை. அம்மிக்கும் அரிவாள்மனைக்கும் வைத்தேன். இஸ்திரிப் பெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் வைத்தேன். துரை வீட்டில் யாரும் இல்லை. கூடத்துக்கு வந்தபோது விளையாட்டுப் பெட்டி கண்ணில் பட்டது. கை படும் சாமானுக்கெல்லாம் வைத்துவிட்டு இதை மட்டும் விட்டால் கோபித்துக்கொள்ளுமோ என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். பெட்டிக்கு ஒரு பொட்டு, இரண்டு கட்டைக்கும் ஒவ்வொரு பொட்டு. கேசட்டை உருவி எடுத்தேன். மேலே அந்த முகம். அதன் நெற்றியில் பொட்டு வைக்க எனக்குக் கை வரவில்லை. பேய்க்கு யாராவது பொட்டு வைப்பார்களா? திருப்பினேன். பெட்டிக்குள் போகும் முனையில், பல்வரிசை மாதிரி மஞ்சள் தகடுகள் மின்னின. உயிர் இங்கேதான் போய் வருகிறது என்று நினைத்தேன். கட்டியாக இருந்த சந்தனத்தை வழித்து, அந்தத் தகடுகளின் மேல் மூன்று விரலால் இழுத்துப் பூசினேன். மறுபடி செருகிவைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

பூசை வைத்த சாமானை அன்று தொடக்கூடாது. மறுநாள் மத்தியானம்தான் போட்டோம். பனி வரவில்லை. திரை முழுக்கத் துண்டு துண்டாகக் கோடுகள். அந்தத் துண்டுகளுக்கு நடுவில் கண் மாதிரி ஒன்று, பல் மாதிரி ஒன்று. காலடி தொப் தொப் என்று கேட்காமல் ஒரே நீளமான ஊளையாகக் கேட்டது. இத்தனை நாள் பனிக்குள் இருந்தது உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதுபோல் இருந்தது. கலா எழுந்து அழ ஆரம்பித்தது. "காடி சத்தம் கேக்குதா பாரு, ஓடு!" என்றார் அக்கா. நான் வாசலுக்கு ஓடினேன். துரையின் கார் எதுவும் வரவில்லை. திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. அக்கா பெட்டியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து சேலைத் தலைப்பை உதறிக்கொண்டிருந்தார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல," என்றார். "போயி காயப்போட்ட துணிய எடு, மழ வருது."

அடுத்த மூன்று நாளும் அந்தப் பெட்டியைத் தொடாமலே கூடத்தைப் பெருக்கினேன். சந்தனத்தால்தான் கெட்டது என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவை ஏற்கெனவே ஒரு சண்டைக்காகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எச்சரித்து வைத்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போகும், அப்பா பெயர் அடிபடும், லயத்து வீடு போகும், மாப்பிள்ளை வீட்டார் போவார்கள். இப்படித்தான் ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டேன். பிள்ளைகள் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், துரையின் தம்பி விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். "அந்தப் புது கேசட்டைப் போடு, இவர்களுக்குக் காட்ட வேண்டும்," என்றார்.

ஊளைச் சத்தம் அடுப்பங்கரைவரை கேட்டது. பிறகு அமைதி. பிறகு துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கேசட்டு துரையின் கையில் இருந்தது. முனையில் மஞ்சள் கறை.

"சியாப்பா? யார் செய்தது இது?"

நான் அசையவில்லை. இரண்டாவது மலையில் அக்கா சொல்லித் தந்தபடி நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது தாண்டிப் போய்விடும். தரையில் விரித்திருந்த பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேக்கிறேன்ல? யாரு?"

தொலைபேசியை எடுக்கப் பயந்த பார்வதியக்கா, குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பார்வதியக்கா, ஓர் அடி முன்னால் வைத்தார். முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது.

"நாந்தான் தொர. பூசைக்கு வச்சேன். தெரியாம வச்சிட்டேன்."

"யாரைக் கேட்டு இதைத் தொட்டாய்?"

"யாரையும் கேக்கல தொர."

ஒரு வார்த்தைதான். அந்த இடத்தில் "அக்கா இல்ல, நான்" என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. துரை திட்டி முடிக்கும்வரை நேரம் இருந்தது. துரையின் தம்பி சிரித்து, பெட்டியே பாழ், இனி எதற்கும் உதவாது என்று சொல்லும்வரை நேரம் இருந்தது. துரை பெட்டியையும் கம்பியையும் கேசட்டையும் வாரி அக்காவின் கையில் திணித்து, "இந்தக் குப்பையையும் எடுத்துக்கொண்டு போ," என்று சொல்லும்வரை நேரம் இருந்தது. நான் பாயின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை காய்கறி லோரி ஒன்று அவரையும் கலாவையும் ஏற்றிக்கொண்டு திரிங்காப்புக்குப் போனது. அங்கே ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில், தகரக் கொட்டகையில் இடம் கிடைத்திருந்தது. நான் மூட்டையைத் தூக்கிவிட்டேன். "கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பு," என்றார். கலா லோரியின் பின்பக்கத்திலிருந்து கையை ஆட்டியது. நான் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் வந்து எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். பாசாரில், கோயிலில், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது. பிற்பாடு நான் கதை எழுத ஆரம்பித்தேன். என் கதை ஞாயிறு பத்திரிகையில் வந்தால் கலாவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். "நல்லா எழுதறடி, ஆனா எல்லாரும் கடசில நல்லவங்களா ஆயிடறாங்க," என்று ஒருமுறை சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் பைக்குள் ஒரு கட்டுக் கீரையைச் செருகிவிட்டு ஒன்றைச் சொல்வார். "ஒருநா வாயேன் வீட்டுக்கு. அந்தப் பெட்டி இன்னும் இருக்கு. லைட்டடிக்கத்தான் ஆளில்ல." நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பழுதான பெட்டி எப்படி ஓடும் என்று நினைப்பேன். எதற்காகக் கூப்பிடுகிறார் என்று பயப்படுவேன். தானா ராத்தாவிலிருந்து திரிங்காப்புக்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் போகவில்லை.

சாவுக்குப் போனேன். பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கும் போனேன். சாப்பிட்டு எல்லாரும் கிளம்பிய பிறகு, "சித்தி, நீங்க கொஞ்சம் இருங்க," என்றாள் கலா. அவள் உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கறுப்புப் பெட்டி, இரண்டு கட்டைகள், துணியில் சுற்றிய கேசட்டு. "இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொன்னாங்க. டவுன்ல பழைய சாமான் ரிப்பேர் பண்றவர்கிட்ட ஒருவாட்டி காட்டினேன். இந்த ரெண்டாவது பாகம் அப்பவே யாரும் வாங்காம நின்னு போச்சாம், இப்ப தேடி அலையறாங்களாம். பெட்டிக்கு ஒண்ணுமில்ல, தொடச்சா ஓடும்னாரு." பஞ்சையும் ஸ்பிரிட் புட்டியையும் என் பக்கம் தள்ளினாள். "தொடைங்க சித்தி."

கேசட்டைத் திருப்பினேன். தகடுகளின் மேல் என் மூன்று விரலின் தடம் இன்னும் இருந்தது. சந்தனம் காய்ந்து, வெடித்து, இடுக்குகளில் கல்லாகியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் யாரோ துணியால் இழுத்துத் துடைத்து, இன்னும் உள்ளே தள்ளியதுபோல் தீற்றியிருந்தது. நான் துடைத்தேன். பஞ்சு மஞ்சளானது. இன்னொரு பஞ்சு. பெட்டியின் பள்ளத்துக்குள்ளும் விட்டுத் துடைத்தேன். கலா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரியும் இவளுக்கு, எவ்வளவு தெரியும் என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

அவள் வீட்டில் பழைய குண்டு டிவி ஒன்று இருந்தது. கம்பியை மாட்டி, சேனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இரைச்சல், இரைச்சல், பிறகு திடீரென்று பனி. அதே சாம்பல் நிறம். கலா ஆளைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன். கட்டையின் ரப்பர் பிசுபிசுத்தது, வலது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. முதல் பாறை, இரண்டாவது பாறை. வழி என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. கயிற்றுப் பாலத்துக்கு வந்தபோது தொப், தொப் என்று கேட்டது. அறுபது வயது தாண்டிய எனக்கு, பகல் மூன்று மணிக்கு, கதவு திறந்திருக்கும் வீட்டில், முதுகுத் தண்டு சில்லிட்டது. சத்தம் வேகமானது. பக்கத்தில் பார்த்தேன். கலா அவள் அம்மாவைப்போலவே உறைந்துபோயிருந்தாள், கண் இமைக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் அணைந்தது.

தொப், தொப், தொப். எங்கள் மேலேயே வந்தது. நின்றது. பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாக, தாண்டிப் போனது.

அந்த இருட்டில்தான் என் வாய் திறந்தது. "கலா, அன்னைக்குச் சந்தனம் வச்சது ஒங்கம்மா இல்ல. நான்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சித்தி. அன்னைக்கு நீங்க வாசலுக்கு ஓடினப்ப அம்மா கேசட்ட உருவிப் பாத்தாங்களாம். மூணு வெரல் தடம் பாத்ததுமே தெரிஞ்சுதாம். சேலையால தொடச்சு இன்னும் உள்ள தள்ளிட்டாங்களாம். அதனால பாதி என் தப்புதான்னு சொல்லுவாங்க."

"அப்புறம் ஏன் என்னைய ஒண்ணுமே கேக்கல?"

"நானும் கேட்டேன். போயி நேராவே கேளுங்கம்மான்னேன். அதுக்கு, 'அவ ரொம்பப் பயந்தவடி. கேட்டா ஒடஞ்சிருவா. அவளா ஒருநா வருவா'ன்னாங்க. அந்த ரிப்பேர்காரரு தொடைக்கிறேன்னப்பகூட விடல. 'இருக்கட்டும், அவ வந்து தொடைக்கட்டும்'னுட்டாங்க."

நான் அழுதேன். நாற்பது வருஷமாக அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் கதை சொல்லிச் சிரித்தவள் நான். அவர் மகளிடம் என்னைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். அதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை, உடம்புக்கு முடியாதவளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். பாலத்துக்கு அப்பால் நாங்கள் கொஞ்ச தூரம் ஏறினோம். குடிசை வரவில்லை. பெட்டி சூடாகிவிட்டது என்று கலா அணைத்துவிட்டாள்.

பெட்டியையும் கேசட்டையும் கலாவிடமே விட்டு வந்தேன், அவை அவர்களுடையவை. தேடி அலைகிறவர்கள் வந்து கேட்டாலும் அவள் கொடுக்கப்போவதில்லை. நான் எடுத்து வந்தது ஸ்பிரிட் வாடை போகாத அந்த மஞ்சள் பஞ்சை மட்டும்தான். ஒரு காகிதத்தில் மடித்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மணி அடித்தால் இப்போதெல்லாம் எனக்கும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் எடுக்க முடிகிறது. அந்தத் துரை எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் பார்வதியக்காவைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன். அவர் செய்யவில்லை. நான்தான் வைத்தேன்.